அணுமின்சாரத்தின் மெய்யான விலை

மின்சாரம் மலிவாகக் கிடைக்குமென்றால் வேண்டாமென்பார் யாருமில்லை. தனி முதலாளிகள் தொழிலை ஏற்று நடத்தினால் போட்டியினால் விலை குறையும், சர்க்கார் பொக்கிஷத்தின் பாரமும் நீங்கும் என்று சொல்வது காதுக்கு இனிமையாகவே இருக்கிறது. நமது தேசத்திலும் 2025-ம் வருஷம் டிசம்பர் மாதம் பார்லிமெண்டு புதிய சட்டமொன்றை நிறைவேற்றி, அதுவரை சர்க்கார் வசமே இருந்துவந்த அணுமின்சார உற்பத்தியில் தனியார் கம்பெனிகள் நுழைய வழி திறந்துவிட்டது. இப்பாதையில் நமக்கு முன்னே நடந்து சென்ற தேசம் பிரிட்டன். அங்கே நேர்ந்ததை நம்மவர் ஊன்றிக் கவனிப்பது அவசியம்.

1989-ம் வருஷத்தில் ஸ்ரீமதி தாட்சரின் சர்க்கார், பிரிட்டிஷ் மின்சாரத் தொழில் முழுவதையும் தனியாருக்கு விற்கச் சட்டம் செய்தது. அணுமின்சாரம் நிலக்கரி மின்சாரத்தைவிட மலிவு என்று அதற்கு முன் பல வருஷங்களாக அதிகாரிகள் ஜனங்களுக்குச் சொல்லிவந்தார்கள். விற்பனைக்காகக் கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. நிலக்கரி நிலையத்தை மூடினால் இடித்துத் தள்ளிவிடலாம். அணு நிலையத்தை அப்படிச் செய்ய இயலாது. எரிந்து தீர்ந்த எரிபொருளும், கதிர்வீச்சு ஏறிய கட்டடமும் தலைமுறை தலைமுறையாகக் காவல் வேண்டுபவை. அச்செலவையும் சேர்த்துப் பார்த்த முதலாளிகள் பின்வாங்கினார்கள். அதே வருஷம் நவம்பர் மாதம் அணு நிலையங்கள் யாவும் விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 1990 முதல், ஜனங்களின் மின்சாரக் கட்டணத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு விசேஷ வரியாக விதிக்கப்பட்டு, அதில் பெரும்பகுதி அந்நிலையங்களைத் தாங்கச் செலவாயிற்று.

1996-ல் நிலையங்களைத் தரம் பிரித்தார்கள். புதியவை பிரிட்டிஷ் எனர்ஜி என்ற கம்பெனியாக்கப்பட்டுப் பங்குச் சந்தையில் விற்கப்பட்டன. பழையவை பிரஜைகளின் தலையிலேயே நின்றன. ஆறு வருஷம் கூட நிம்மதியாகக் கழியவில்லை. மின்சாரத்தின் மொத்த விலை வீழ்ந்ததும் கம்பெனி தத்தளித்தது. எரிவாயு நிலையம் உற்பத்தியைக் குறைத்தால் எரிபொருட் செலவு மிஞ்சும். அணு நிலையத்திலோ, ஓடினாலும் நின்றாலும் செலவு பெரும்பாலும் ஒன்றே. 2002-ல் சர்க்கார் 65 கோடி பவுண்டு வரை கடன் கொடுத்துக் கம்பெனியைக் காப்பாற்ற நேர்ந்தது. கழிவுப் பொறுப்பிலும் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டது. பிறகு 2009-ல் அதை 1,250 கோடி பவுண்டுக்கு வாங்கியது யார்? பிரெஞ்சு சர்க்காருக்குப் பெரும்பங்கு உரிமையுள்ள இ.டி.எப். கம்பெனி! தமது சர்க்கார் மின்சாரம் நடத்தலாகாது என்று விற்றவர்கள், அந்நிய சர்க்காரின் கம்பெனியிடம் அதை ஒப்படைத்ததை என்னென்பது?

இன்றைய நிலைமையும் மேலானதன்று. ஹிங்க்லி பாயிண்டில் கட்டப்படும் புதிய நிலையத்திற்கு, ஆயிரம் யூனிட்டுக்கு 92½ பவுண்டு வீதம், 2012-ம் வருஷத்து விலைவாசிப்படி, 35 வருஷங்களுக்கு உத்தரவாதம் அளித்தார்கள். விலைவாசி ஏற ஏற இதுவும் ஏறும். 1,800 கோடி பவுண்டில் முடியுமென்ற வேலைக்கு, 2015-ம் வருஷத்து விலைவாசிப்படியே 3,100 கோடி முதல் 3,500 கோடி வரை ஆகுமென்று 2024-ல் கம்பெனியே அறிவித்தது. இந்த அதிகப்படிச் செலவு கம்பெனியைச் சேர்ந்தது என்பது உண்மை. ஆனால் அதைக் கண்டு அஞ்சிய முதலாளிகள் அடுத்த நிலையத்தை அதே நிபந்தனையில் கட்ட முன்வரவில்லை. ஆகவே 2022-ல் வேறொரு சட்டம் வந்தது. அதன்படி, சைஸ்வெல்லில் எழும் நிலையத்திற்கு ஒரு யூனிட் மின்சாரமும் பிறக்குமுன்பே வீட்டுக்கு வீடு கட்டணம் வசூலாகும். அந்நிலையத்தின் மிகப்பெரிய பங்குதாரரும் பிரிட்டிஷ் சர்க்காரே. புறப்பட்ட இடத்திற்கே வண்டி வந்து சேர்ந்துவிட்டது. இடையில் கூலி கொடுத்தவர்கள் ஜனங்கள்.

பழைய நிலையங்களைக் கலைத்துச் சுத்தம் செய்ய 10,000 கோடி பவுண்டுக்கு மேல், நூறு வருஷத்திற்கும் அதிகமான காலத்தில், செலவாகுமென்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இது பிரஜைகளின் வரிப்பணம். இன்னும் பிறவாத குழந்தைகளும் இதில் கடனாளிகள்.

அணுமின்சாரமே ஆகாதென்பது நமது வாதமன்று. அது புகையில்லாமல் இரவும் பகலும் மின்சாரம் தருவதை நாம் மறுக்கவில்லை. கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் அருகே வைத்துக்கொண்டிருக்கும் தமிழர்களுக்கு இவ்விஷயம் புதிதுமன்று. லாபம் பங்குதாரருக்கும் நஷ்டம் பிரஜைக்கும் என்ற பாகப்பிரிவினையையே நாம் ஆக்ஷேபிக்கிறோம். கணக்குப் பார்த்தால் பிணக்கு என்பார்கள். இங்கே கணக்குப் பார்க்காவிட்டால்தான் பிணக்கு. எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுமுன், கட்டும் செலவு, கழிவைக் காக்கும் செலவு, நிலையத்தைக் கலைக்கும் செலவு, விபத்து நேர்ந்தால் ஈடு கொடுப்பவர் யார் என்ற நான்கையும் சர்க்கார் பகிரங்கமாக ஜனங்கள்முன் வைக்கவேண்டும். பணம் கொடுக்கப்போகிறவன் கணக்குக் கேட்பது குற்றமாகாது, கேளாதிருப்பதே குற்றம்.