வாழும்போதே வகுக்கும் வழி: வட சிலாங்கூர்த் தோட்டக் குடும்பங்களும் இறுதிக்கால ஏற்பாடுகளும்

முன்னுரை

கோப்பெருஞ்சோழன் தன் மைந்தரோடு பகை மூண்டபின் வடக்கிருந்து உயிர்நீத்தான். அவ்வேளையில் நண்பர் பிசிராந்தையாருக்குத் தன்னருகே இடம் ஒதுக்குமாறு அவன் பணித்த செய்தியைப் புறநானூறு வழி அறிகிறோம். இறுதி நாளில் தன்னருகே யார் இருக்க வேண்டும் என்பதை முன்னரே சொல்லிவைத்தவனை நம் இலக்கியம் போற்றியுள்ளது. ஆயினும், இன்று நம் இல்லங்களில் சாவைப் பற்றிய பேச்சே அபசகுனமாகக் கருதப்படுகிறது. பாசிர் பெனம்பாங், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் வாழும் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு இம்மௌனத்தால் நேரும் இழப்பையும் அதைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உயில் எழுதா மரபு

கோலசிலாங்கூர் மாவட்டம் ரப்பராலும் செம்பனையாலும் வளர்ந்தது. நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் உருவாயிற்று. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் குடியிருந்த லயன் வீடு நிருவாகத்திற்குரியது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனவே, பெற்றோர் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நகையும் வளர்த்த மாடும் தவிர வேறு பெரிதாக எதுவும் இருந்ததில்லை. உயில் என்பது முதலாளிமார்க்கு உரியது என்னும் எண்ணம் இவ்வாறே வேரூன்றியது.

இந்நிலை மாறிவிட்டது. தோட்டத்தைவிட்டு வெளியேறியோர் பலர் ஊழியர் சேமநிதியைக் கொண்டு மலிவுவிலை வீடு வாங்கினர். பல குடும்பங்களுக்குத் தலைமுறைகள் கடந்து கிட்டிய முதல் நிலப்பட்டா அதுவே. சொத்து வந்துவிட்டது, அதை முறையாகக் கைமாற்றும் பழக்கம் இன்னும் வரவில்லை.

உயில் இல்லாவிடில் நேர்வது

தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார் உயிலின்றி இறந்தால் 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி சொத்து பிரிக்கப்படும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகிய மூவகையினரும் இருப்பின் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. வீடெல்லாம் மனைவிக்கே என்று எண்ணியிருப்போர் பலர். ஆனால், மாமியாரின் கால் பங்கு அவர் மறைவுக்குப்பின் அவருடைய எல்லாப் பிள்ளைகளின் கிளைகளுக்கும் சென்றுசேரும். ஒரே சிறிய வீட்டிற்குப் பத்துப்பேர் உரிமை கோரும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

திருமணப் பதிவும் இதில் இன்றியமையாதது. 1982 மார்ச் 1ஆம் நாள் முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் சட்டப்படி பதிவுபெற வேண்டும். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே முப்பது ஆண்டுகள் வாழ்ந்த பெண், கணவர் இறந்தபின் தாம் மனைவிதான் என்பதை நிறுவ வழக்காட நேரிடலாம். அவ்வாறே, நீதிமன்றத் தத்தெடுப்பு ஆணை இல்லாத வளர்ப்புப் பிள்ளைக்கு இச்சட்டத்தில் பங்கில்லை. உறவினர் பிள்ளையைத் தம் பிள்ளையாகவே வளர்ப்பது தோட்டப்புறத்தில் இயல்பு என்பதால் இதனை வலியுறுத்த வேண்டியுள்ளது.

நிலமும் உள்ளடங்கிய, 50 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாத உயிலற்ற சொத்தை 2024 முதல் நில அலுவலகத்தின் வழியாகவே பகிர்ந்துகொள்ளலாம். இதற்கு முன் உச்சவரம்பு 20 இலட்சமாக இருந்தது. ஆகவே, மறைந்த தந்தையின் பெயரிலேயே கிடக்கும் வீட்டை மாற்ற உயர்நீதிமன்றம் செல்ல வேண்டுமோ என அஞ்சத் தேவையில்லை.

உயிலும் நியமனமும்

1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் உள்ளவர் எழுத்தில் உயில் செய்யலாம். இரு சாட்சிகள் ஒருசேர இருக்க, அவர்கள் முன் கையொப்பமிட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. ஆகவே, பங்கு பெறும் மகனையோ மருமகளையோ சாட்சியாக்கலாகாது. உயில் எழுதியவர் பின்னர் மணம் புரிந்தால் பழைய உயில் பொதுவாகச் செயலிழக்கும்.

சேமநிதிப் பணம் வேறு வழியில் செல்லும். உறுப்பினர் யாரை நியமித்தாரோ அவருக்கே அது வழங்கப்படும். உயிலில் எழுதுவது அந்நியமனத்தை மாற்றாது. இளமையில் தாயாரை நியமித்தவர் மணமானபின் அதனைப் புதுப்பிக்க மறத்தல் கூடாது.

மருத்துவ விருப்பம்

சுவாசக் கருவி பொருத்தலாமா, இறுதி நாள்களை வீட்டில் கழிக்கலாமா என்னும் வினாக்கள் நோயாளி பேச இயலாத நிலையில் பிள்ளைகள் முன் வந்து நிற்கின்றன. சிங்கப்பூர் 1996இல் முன்கூட்டிய மருத்துவ ஆணைக்குச் சட்டம் இயற்றியது. இந்திய உச்சநீதிமன்றம் 2018இல் அத்தகைய ஆவணத்தை ஏற்றது. மலேசியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. எனினும், நோயாளி தெளிவாக எழுதிவைத்த மறுப்பை மருத்துவர் மதிக்க வேண்டும் என மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி கூறுகிறது. சுகாதார அமைச்சும் 2019 முதல் 2030 வரையிலான நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வகுத்துள்ளது. ஆதலால், விருப்பத்தை எழுதிக் குடும்பத்தாரிடமும் மருத்துவரிடமும் அளித்தல் பயனுடையது. ஒருவர் சார்பில் பேச வேண்டியவர் யார் எனக் குறித்துவைத்தால், மருத்துவமனையில் அண்ணன் தம்பியர் முரண்படுவதும் குறையும்.

முடிவுரை

சொத்தோடு நினைவும் மரபுரிமையே. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. முன்னோர் வந்த ஊர், வாழ்ந்த தோட்டம், குலதெய்வம் ஆகியவை முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், நிலப்பட்டா, நியமனப் படிவம், உயில், மருத்துவ விருப்பம் ஆகியவற்றோடு இந்நினைவுகளையும் எழுதி ஒரே கோப்பில் வைத்து, அதன் இருப்பிடத்தை ஒருவருக்கேனும் தெரிவித்தல் வேண்டும். லயன் வீட்டில் பிறந்தவர் தம் உழைப்பால் பெற்ற வீடு தம் பிள்ளைகளைப் பிரிக்காமல் காக்க, அவர் வாழும்போதே செய்ய வேண்டிய கடமை இதுவாகும்.