மக்ரூனுக்கு ஆகாத மழைக்காற்று

தூத்துக்குடி மக்ரூனில் இருப்பது மூன்றே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, சோடா உப்பும் இல்லை. பட்டியல் இவ்வளவு சின்னதாக இருப்பதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கேக் மாவில் ஒன்று கூடக்குறைய விழுந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்குவதற்கு ஆள் இல்லை.

ஒரு விஷயம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. மக்ரூனை நாம் வேகவைப்பதில்லை, காயவைக்கிறோம். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதி பெரும்பாலும் புரதம். அடிக்க அடிக்க அந்தப் புரதம் அவிழ்ந்து, காற்றுக் குமிழிகளைச் சுற்றி வலைபோலப் படிகிறது. சீனி அதில் கரைந்து பாகாகிக் குமிழியை உடையவிடாமல் காக்கிறது. பிறகு இளஞ்சூட்டில் தண்ணீர் மெல்ல வெளியேறினால் அந்த வலை அப்படியே இறுகி நிற்கும். கடித்ததும் மொறுமொறுப்பு, நாக்கில் பட்டதும் கரைவது, இரண்டுக்கும் காரணம் இதுதான்.

தூத்துக்குடிக்கு அருகே தருவைகுளத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சுற்றியுள்ள உப்பளங்களில் பாத்தியில் கட்டிய நீரை வெயிலும் காற்றும் வாங்கிக்கொள்ள, உப்பு மட்டும் நிற்கிறதே, அதே வேலைதான். வறண்ட கச்சான் காற்று வீசும் கோடையில் இரண்டும் நன்றாக நடக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். மக்ரூனுக்கு அந்த விடுப்பு கிடையாது. ஊரே மக்ரூன் கேட்கும் கிறிஸ்துமஸ், மழையின் வால் இன்னும் ஓயாத மார்கழியில்தான் வந்து நிற்கிறது.

போர்ச்சுகீசியர் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்து காலூன்றியது 1530களில். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. இப்படி ஐரோப்பியர் மாறி மாறி வந்த கரையில், ஐரோப்பாவில் பாதாம் அரைத்துச் செய்யும் மக்ரூன் முந்திரிக்கு மாறியது. அந்த முந்திரி மரமும் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான். பாரிஸ் கடைகளில் வண்ண வண்ணமாக, இரண்டு வில்லைகளுக்கு நடுவே கிரீம் வைத்து விற்பதோடு நம்முடையதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது கூம்பு வடிவம், தந்த நிறம், கிரீம் கிடையாது.

மூன்று முட்டையின் வெள்ளைக்கரு ஏறத்தாழ 100 கிராம் வரும். அதற்குப் பொடித்த சீனி 180 கிராம், முந்திரி 180 கிராம். முட்டையைக் குளிர்ச்சியாக இருக்கும்போதே பிரியுங்கள், மஞ்சள்கரு எளிதில் உடையாது. பிரித்தபின் அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு அடியுங்கள். மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை சரியாகக் கட்டாது. அதிலுள்ள கொழுப்பு புரதத்தை வலை பின்ன விடாது. பிளாஸ்டிக் பாத்திரத்தை என்ன தேய்த்தாலும் பிசுக்கு ஒட்டியிருக்கும், ஆகவே எவர்சில்வரோ கண்ணாடியோ போதும். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை சீக்கிரம் திரிந்துபோகாது. நுரை வெளுத்து எழும்பிய பிறகு சீனியைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. கரையாத சீனிதான் பிறகு மக்ரூனின் அடியில் பாகாகக் கசியும்.

முந்திரியில்தான் பலருக்கும் கை தவறுகிறது. மிக்ஸியில் தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். அந்த எண்ணெய் மஞ்சள்கருவைப் போலவே நுரையைக் கொல்லும். ஈரப்பதம் போக வாணலியில் லேசாகச் சூடுகாட்டி, நன்றாக ஆறவைத்து, விட்டுவிட்டு ஓட்டுங்கள். ரவையைவிடச் சற்றுப் பொடியாக இருந்தால் போதும். நுரையில் தூவி, அடியிலிருந்து மேலாக மெல்லப் புரட்டுங்கள். நன்றாகக் கலக்க வேண்டும் என்ற ஆசையில் கிண்டினால் தளர்ந்து ஓடும். தட்டில் கூம்பு நிற்காமல் வறட்டிபோலப் பரவும். பால் கவரைக் கழுவிப் பிழியப் பயன்படுத்துவது சிக்கனம்தான், ஆனால் அதிலும் கொழுப்பு உண்டு. புது பாலித்தீன் கவரின் மூலையை வெட்டி, பட்டர் பேப்பரில் பிழிந்து, முனை கூராக வரும்படி மேலே இழுங்கள்.

ஓவனில் 120 டிகிரி, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். சூடு கூடினால் வெளிப்புறம் வெடித்துப் பழுப்பேறும், உள்ளே ஈரம் தங்கும். பழைய பேக்கரிகளின் விறகு அடுப்பில் தணலின் மிதமான சூடு நெடுநேரம் நின்றது இதற்கு வசதி. ஓவனை அணைத்ததும் எடுத்துவிடாமல் உள்ளேயே ஆறவிடுங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டும் தட்டும் வைத்துக் கேக் செய்வதுண்டு. மக்ரூனுக்கும் அது ஆகும், ஒரு மாற்றத்தோடு: மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். முழுக்க மூடினால் வெளியேற வேண்டிய ஆவி திரும்பவும் மக்ரூன் மேலேயே படியும். அடுப்பு சிம்மில் இருக்கட்டும், பொறுமையும் கொஞ்சம் இருக்கட்டும்.

ஆறிய உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். சீனி ஈரத்தை இழுக்கும். அதிலும் இது உடம்பெல்லாம் துளை உள்ள பண்டம். ஈரமான கொண்டல் காற்றில் தட்டோடு திறந்து வைத்தால் சிறிது நேரத்திலேயே பிசுபிசுக்கும். அப்படி ஆனாலும் தூக்கிப்போட வேண்டாம். 100 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். மிஞ்சிய மஞ்சள்கரு மூன்றையும் அன்றைக்கே முட்டைப் பொரியலில் சேர்த்துவிடுங்கள்; வைத்திருந்தால் தோல் கட்டிவிடும்.