பெர்க்லியின் சேர்க்கைக் கணக்கு

ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டு விண்ணப்பிப்போரில் 100க்கு 41 பேருக்கு இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே விண்ணப்பிக்கும் ஒரு மாணவி, “எனக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு 100க்கு 41” என்கிறாள். அவள் கணக்கு சரிதானா?

சரி என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்த விடையில் எத்தனை பெரிய பொறி ஒளிந்திருக்கிறது என்பதை உலகுக்குக் காட்டிய பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம்தான் அது.

1973ஆம் ஆண்டு இலையுதிர் காலப் பருவத்தில் பட்ட மேற்படிப்பில் சேர பெர்க்லிக்கு வந்த விண்ணப்பங்கள் 12,763. இவர்களில் ஆண்கள் 8,442 பேர். பெண்கள் 4,321 பேர். ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. பெண்களிலோ 35 விழுக்காட்டினருக்குத்தான் கிடைத்தது. இரு பாலாருக்கும் ஒரே விகிதத்தில் இடம் தந்திருந்தால் இன்னும் 277 பெண்கள் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்க முடியாது என்பதைப் புள்ளியியல் உறுதியாகச் சொல்லிவிட்டது.

அப்படியானால் பெண்களை வேண்டுமென்றே ஒதுக்கியது யார்?

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பிக்கெல், யூஜின் ஹாமெல், வில்லியம் ஓ'கானல் ஆகிய மூவர் இதை ஆராயப் புகுந்தனர். பட்ட மேற்படிப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுப்பது பல்கலைக்கழகம் அன்று. ஒவ்வொரு துறையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கிறது. ஆகவே தவறு செய்த துறை எது என்று தேடினார்கள். ஆராய்வதற்கு ஏற்ற 85 துறைகள் இருந்தன. அவற்றுள் பெண்களுக்குக் குறிப்பிடத்தக்க அளவு பாதகம் இருந்தவை 4 துறைகளே. ஆண்களுக்கு அவ்வாறு பாதகம் இருந்தவை 6! ஏனைய துறைகளில் பெரிய வேறுபாடே இல்லை.

277 பேர் எங்கே போனார்கள்? துறை துறையாகத் தேடினால் அகப்படவில்லை; மொத்தமாகக் கூட்டினால் மீண்டும் கண்ணெதிரே நிற்கிறார்கள்!

மிகப் பெரிய 6 துறைகளின் எண்ணிக்கைகள் பிற்பாடு புள்ளியியல் பாடநூல்களிலும் இடம்பெற்றன. துறைகளின் பெயர்கள் தரப்படவில்லை. நாம் அவற்றை அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று அழைப்போம். ‘அ’ துறையில் விண்ணப்பித்த 825 ஆண்களில் 512 பேருக்கு இடம் கிடைத்தது. இது 62 விழுக்காடு. பெண்கள் 108 பேரில் 89 பேருக்கு; இது 82 விழுக்காடு. ‘ஆ’ துறையில் ஆண்களுக்கு 63, பெண்களுக்கு 68. ‘இ’யில் 37, 34. ‘ஈ’யில் 33, 35. ‘உ’வில் 28, 24. கடைசியாக ‘ஊ’ துறையில் 373 ஆண்களில் 22 பேர், 341 பெண்களில் 24 பேர். ஏறக்குறைய 6, 7 விழுக்காடு. ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் கையே ஓங்கியிருக்கிறது. ஆனால் ஆறையும் கூட்டிப் பாருங்கள்: 2,691 ஆண்களில் 1,198 பேர், அதாவது 45 விழுக்காடு, 1,835 பெண்களில் 557 பேர், அதாவது 30 விழுக்காடு!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு சிறு கற்பனைக் கணக்கில் இது தெளிவாகிவிடும். ஒரு கல்லூரியில் இரண்டே துறைகள். முதல் துறை யார் வந்தாலும் 100க்கு 60 பேரைச் சேர்க்கிறது. இரண்டாவது 100க்கு 10 பேரை. ஆண் பெண் என்ற வேற்றுமையே இல்லை. இப்போது 100 மாணவர்களில் 80 பேர் முதல் துறைக்கும் 20 பேர் இரண்டாவதுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். சேர்பவர்கள் 48 + 2 = 50. 100 மாணவிகளோ நேர்மாறாக, 20 பேர் முதல் துறைக்கும் 80 பேர் இரண்டாவதுக்கும் போகிறார்கள். சேர்பவர்கள் 12 + 8 = 20. எந்தத் துறையும் அணுவளவும் பாரபட்சம் காட்டவில்லை. ஆயினும் ஒரு பக்கம் 50, மறுபக்கம் 20.

பெர்க்லியில் நடந்ததும் இதுவே. எளிதில் இடம் கிடைத்த அ, ஆ இரண்டுக்கும் விண்ணப்பித்த ஆண்கள் 1,385 பேர். அதாவது ஆறு துறைகளுக்கு வந்த ஆண்களில் பாதிக்கு மேல். பெண்கள் 133 பேர்தாம். 100க்கு 7 பேர். மற்றவர்கள் எல்லாரும் இடுக்கமான வாயில்களில் முண்டியடித்தார்கள்.

கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் இதையும் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு துறையிலும் பெண்களுக்குக் கிடைத்த விழுக்காட்டை அத்துறைக்கு விண்ணப்பித்த ஆண்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். பெண்களும் ஆண்களைப் போலவே பரவி விண்ணப்பித்து, விழுக்காடுகளும் மாறாமல் இருந்தால் அவர்களுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்பது தெரியும். விடை சுமார் 52 விழுக்காடு!

பகுதிகளில் ஒன்றாகவும் மொத்தத்தில் வேறாகவும் தோன்றும் இந்த விந்தையை இங்கிலாந்தின் யூல் என்ற புள்ளியியல் அறிஞர் 1903இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். 1951இல் இதைப் பற்றி எழுதிய எட்வர்டு சிம்ப்சன் என்பவரின் பெயரே பின்னர் இதற்கு நிலைத்தது. இன்று இதைச் ‘சிம்ப்சன் முரண்’ என்கிறார்கள்.

‘ஆக, அநீதி ஏதும் இல்லை’ என்று கோப்பை மூடிவிடலாமா? மூவரும் அப்படிச் செய்யவில்லை. 1975 பிப்ரவரியில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இதுதான் என்பேன். ஆங்கில இலக்கியத் துறைக்கு வந்த விண்ணப்பங்களில் மூன்றில் இரு பங்கு பெண்களுடையவை. இயந்திரப் பொறியியலிலோ 100க்கு 2தான். பல்கலைக்கழக வாசலை அடைவதற்கு நெடுநாள் முன்பே, பள்ளியிலும் வீட்டிலும் சமூகத்திலும், பெண்கள் நெரிசல் மிகுந்த, பண உதவியும் வேலை வாய்ப்பும் குறைந்த துறைகளின் பக்கமாகத் திருப்பிவிடப்பட்டிருந்தார்கள் என்று அவர்கள் எழுதினார்கள். சேர்க்கைக் குழுவின் மேசையில் தேடிய தவறு, வகுப்பறையில் கிடைத்தது.

துறைவாரியாகப் பிரித்ததோடு எல்லாம் விளங்கிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். ஒரே துறைக்குள் ஆண்களும் பெண்களும் சமமான மதிப்பெண்களோடு வந்தார்களா என்பதை மேற்கண்ட எண்கள் சொல்லவில்லை. மதிப்பெண் வாரியாக மேலும் பிரித்தால் படம் மறுபடியும் மாறக்கூடும்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். 1973இல் பெர்க்லிக்கு விண்ணப்பித்த பெண் ஒருத்தி, “என் வாய்ப்பு 100க்கு 35” என்று எண்ணியிருந்தால், ‘ஊ’ துறையை நாடியவளுக்கு அது வெறும் ஆறுதல். உண்மையில் அங்கே 100க்கு 7 பெண்களுக்குத்தான் இடம். ‘அ’ துறையை நாடியவளுக்கோ அது வீண் அச்சம்; அங்கே 82 பெண்களுக்கு இடம் இருந்தது. 35 என்ற எண் 4,321 பேருக்கும் சேர்த்துச் சொன்னது. அவர்களுள் எந்த ஒருத்தியின் விண்ணப்பத்தையும் அது திறந்து பார்த்ததில்லை.