கனுப்பிடி உதிராமல், நிறம் திட்டாகாமல்

மாட்டுப் பொங்கலன்று காலை, குளிப்பதற்கு முன் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ மஞ்சள் இலையைப் போட்டு, அதில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று சோற்று உருண்டைகளை வரிசையாக வைப்பார்கள். இதுதான் கனுப்பிடி. உடன்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பெண்கள் வைப்பது. சாப்பிடுவது காகமும் அணிலும் மற்றப் பறவைகளும். சிங்கப்பெருமாள் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயிலை ஒட்டிய தெருக்களிலும் வைப்பார்கள், ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளிலும் வைப்பார்கள்.

முதல் முறையாக வைக்கப்போகிறவர்களுக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் மூன்றுதான். உருண்டை உதிர்கிறது, நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறது, சிவப்பு மஞ்சளில் வழிகிறது. மூன்றுக்கும் காரணம் உண்டு, எளிய வழியும் உண்டு.

சோறு ஏன் ஒட்டிக்கொள்வதில்லை?

அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சோற்றைப் பருக்கை பருக்கையாக நிற்க வைக்கும் (இதற்குப் பெயர் அமைலோஸ்). மற்றது சோற்றைக் குழைய வைத்து ஒட்ட வைக்கும் (அமைலோபெக்டின்). பாசுமதியில் முதல் வகை கூடுதல். அதனால்தான் பிரியாணி உதிரியாக வருகிறது. ஜப்பானியர்கள் கையில் பிடித்துச் சாப்பிடும் ஒனிகிரி உருண்டைக்கு எடுக்கும் குட்டை அரிசியில் அந்த முதல் வகை குறைவு. நம் பொன்னிப் பச்சரிசியையும் குழைய வடித்தால் தாராளமாகப் பிடிக்கலாம்.

புழுங்கலரிசி வேண்டாம். நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்ததால் பருக்கை கெட்டிப்பட்டிருக்கும். எவ்வளவு குழைத்தாலும் பச்சரிசி போல ஒட்டாது. பூஜைக்குப் பச்சரிசிதான் என்ற வழக்கம் இங்கே நமக்கு உதவியாகவே இருக்கிறது.

புது அரிசியா, பழைய அரிசியா? புது அரிசி நன்றாக ஒட்டும், தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். கடையில் வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய அரிசியென்றால் ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர். புதிது என்றால் இரண்டரை போதும். குக்கரில் நான்கு விசில். கஞ்சியை வடிக்காதீர்கள். ஒட்ட வைக்கும் பசை அந்தக் கஞ்சியில்தான் இருக்கிறது.

முந்தின நாள் சோற்றில்தானே கனு வைப்பது வழக்கம்?

ஆம், பல வீடுகளில் பொங்கலன்று வடித்த சோற்றை எடுத்துவைத்து மறுநாள் பிடிப்பார்கள். சிக்கலும் அங்கேதான். ஆறிய சோற்றில் மாவுச்சத்து மறுபடி இறுகிவிடும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் இறுகும். காலையில் எடுத்து அப்படியே பிடித்தால் கைக்குள்ளேயே பொலபொலவென்று உதிரும். சோறு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம், இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். சூடு பட்டால் இளகிவிடும்.

கொஞ்சம் வெந்நீர் தெளித்து, இட்லிப் பானையில் ஐந்தாறு நிமிடம் ஆவி காட்டுங்கள். சூடாக இருக்கும்போதே கரண்டியின் பின்புறத்தால் பாதிச் சோற்றை மசித்து, மீதிப் பாதியோடு கலந்துவிடுங்கள். முழுவதும் மசித்தால் உருண்டை களி மாதிரி வழவழவென்று ஆகும், பார்வைக்கும் நன்றாக இராது. பாதி மசித்தால் பிடிப்பும் கிடைக்கும், மேலே பருக்கையும் தெரியும்.

மஞ்சள் ஏன் திட்டாகிறது?

மஞ்சளின் நிறம் (குர்குமின்) தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில்தான் கரையும். சோற்றின் மேல் பொடியை நேரே தூவினால் ஓரிடத்தில் அப்பியும் ஓரிடத்தில் வெளுத்தும் நிற்பது இதனால்தான். அரை டீஸ்பூன் நெய்யையோ நல்லெண்ணெயையோ லேசாகச் சூடாக்கி, கால் டீஸ்பூன் மஞ்சள்தூளை அதில் குழைத்து, ஒரு கப் சோற்றில் பிசிறுங்கள். பச்சை வாடை போகும், நிறமும் ஒரே சீராக ஏறும். எண்ணெய் இதற்கு மேல் வேண்டாம்; கூடினால் பருக்கைகள் வழுக்கி, ஒட்டாமல் போகும்.

சிவப்புக்குக் குங்குமம் போடலாமா?

பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனாலும் பாக்கெட்டில் விற்கும் குங்குமத்தைச் சோற்றில் கலக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அது நெற்றிக்கு விற்பது, உண்பதற்கு அல்ல. சாயம் கலந்திருந்தால் நமக்குத் தெரியவும் தெரியாது. காகத்தை மதித்துத்தான் இலை போடுகிறோம். அதற்கு வைக்கும் சோறு நாம் சாப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும்.

பழைய வழி ஒன்று உண்டு. ஆரத்திக்குச் செய்வதுபோல, மஞ்சள் பிசிறிய சோற்றில் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் துளி சேர்த்தால் சிவந்துவிடும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதே காரணம். கையில் சோப்பு மிச்சம் இருந்து மஞ்சள் சோற்றைத் தொட்டாலும் அங்கங்கே சிவப்புப் புள்ளி விழும், எனவே கையை நன்றாக அலசுங்கள்.

இன்னும் நல்லது பீட்ரூட். பச்சையாகத் துருவி, தண்ணீர் சேர்க்காமல் துணியில் பிழிந்து, இரண்டு ஸ்பூன் சாறோடு நான்கு சொட்டு எலுமிச்சை விடுங்கள். புளிப்பு இருந்தால் நிறம் பளிச்சென்று நிற்கும். சாற்றை வேகவைக்க வேண்டாம், நேரம் ஆக ஆகப் பழுப்படிக்கும். சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது கலந்தால் போதும். பீட்ரூட்டோடு சுண்ணாம்பு மட்டும் சேரவே கூடாது; சிவப்பு போய்விடும்.

எப்படிப் பிடிப்பது?

முதலில் எல்லாவற்றையும் அளந்து தட்டில் வைத்துவிடுங்கள். சின்னக் கிண்ணியோ குழிக்கரண்டியோ எடுத்து, நிறத்துக்கு ஒன்பது குவியல் என்றால் ஒன்பதையும் போட்ட பிறகே உருட்டத் தொடங்குங்கள். ஒவ்வொன்றாகக் கண்ணளவில் எடுத்தால் முதல் உருண்டை நெல்லிக்காய் அளவிலும் கடைசி உருண்டை எலுமிச்சை அளவிலும் போய் நிற்கும். அழகு என்று நாம் சொல்வதில் முக்கால் பங்கு இந்த ஒரே அளவுதான்.

பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும். உள்ளங்கையை நனைத்து, உதறிவிட்டு, சோற்றை எடுத்து முதலில் இறுக்கி அமுக்குங்கள். மூன்று நான்கு முறை அமுக்கி உள்ளே இருக்கும் காற்று வெளியேறிய பிறகுதான் உருட்ட வேண்டும். எடுத்தவுடன் உருட்டினால் மேலே மட்டும் மூடிக்கொண்டு, இலையில் வைத்த சிறிது நேரத்தில் நடுவில் பிளக்கும். விரிசல் தெரிந்தால் அந்த இடத்தில் ஈர விரலால் தடவி மறுபடி அமுக்குங்கள். கையில் எண்ணெய் தடவுவது கடைசி ஒரு சுற்றுக்கு மட்டும். அப்போதுதான் மினுமினுப்பு வரும். தொடக்கத்திலேயே தடவினால் விரிசல் மூடாது.

வெள்ளை முதலில், மஞ்சள் அடுத்து, சிவப்பு கடைசியில். இந்த வரிசை மாறினால் வெள்ளை வெள்ளையாக இராது.

இலையில் வைக்கும்போது?

பொங்கல் பானையில் கட்ட வாங்கிய மஞ்சள் கொத்திலேயே இலை இருக்கும். கழுவிய இலையை ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரத்தில்தான் நிறம் வழிகிறது. உருண்டைக்கு உருண்டை ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையாக வைப்பது வழக்கம். தயிர் சாதமும் சர்க்கரைப் பொங்கலும் வைப்பவர்கள் அவற்றை ஓரத்தில் வையுங்கள், இரண்டும் நீர் விடும்.

அழகுக்காக எள் தூவலாமா என்று கேட்கலாம். வேண்டாம். வெள்ளைச் சோற்றில் எள் என்றால் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிண்டம்தான் நினைவுக்கு வரும். நல்ல நாளில் மனசு கஷ்டப்படும்.

உப்பு? பறவைக்கு வைப்பதில் போட வேண்டாம். அதிக உப்பு அவற்றுக்குக் கெடுதல். பறவைக்குச் சோறு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள திருக்கழுக்குன்றத்தில், மலைமேல் நண்பகலில் வைத்த சோற்றை இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து உண்டு போனது ஊருக்கே பெயர் தந்த காட்சி. பல ஆண்டுகளாக அவை வருவதில்லை. நமக்குக் காகமாவது வந்துகொண்டிருக்கிறது.

இதே உருண்டையைப் பிள்ளைகளுக்கு டப்பாவில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், உப்புச் சேர்த்து. ஆனால் அதற்கு முந்தின நாள் சோறு வேண்டாம். வெந்த சோற்றிலும் சாகாமல் தங்கும் நுண்ணுயிர் ஒன்று இருக்கிறது (பேசில்லஸ் சீரியஸ்). சோறு வெளியில் கிடந்தால் அது பெருகி, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலையில் வடித்த சோற்றில் புளியோதரையாகவோ எலுமிச்சைச் சாதமாகவோ பிடித்து, ஆறவைத்து மூடுங்கள். புளிப்பு இருந்தால் மதியம் வரை தாங்கும். தேங்காய்ச் சாதம் நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் ஊசிப்போகும். கனுவுக்கென்று இரவு எடுத்துவைக்கும் சோற்றையும் ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பொது மொட்டை மாடியில் வைத்தால், மதியத்துக்குள் ஒரு நடை போய் இலையையும் மிச்சத்தையும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தட்டு, அலுமினியத் தாள் எதையும் அடியில் வைக்க வேண்டாம். இலையோடு சேர்த்துச் செடிக்குப் போட்டால் மக்கிவிடும்.