செல்போனுக்குள் ஒரு சந்தை... சுங்கம் எவ்வளவு என்று யார் சொல்வது?

வேலூரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் அமிர்தி. ஜவ்வாதுமலைக் காடு, அருவி, வனத்துறையின் சின்ன உயிரியல் பூங்கா என்று விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வந்துபோகும் இடம். மலையில் கிடைக்கும் சாமையும் புளியும் பலாவும் தேனும் காசாக வேண்டுமென்றால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

கீழே இறங்கினால் சந்தை. சந்தையில் கடை விரித்தால் சுங்கம். ஏலம் எடுத்த குத்தகைதாரரின் ஆள் ரசீதுக் கட்டோடு வந்து நிற்பார். அதில் யாருக்கும் வருத்தமில்லை. இடம் கொடுக்கிறார்கள், கூட்டம் வருகிறது, கொடுக்க வேண்டியதுதான். சண்டை எப்போது வரும்? போர்டில் எழுதியிருப்பதற்கு மேல் கேட்டால் வரும். அப்போது வியாபாரிகள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போவார்கள். ஏனென்றால் சுங்கம் எவ்வளவு என்று முடிவு செய்வது குத்தகைதாரர் அல்ல.

அதே வியாபாரியின் சட்டைப்பையில் இருக்கும் செல்போனிலும் ஒரு சந்தை இருக்கிறது. பெயர் பிளே ஸ்டோர். அங்கே குத்தகைதாரர் கூகுள். கட்டணத்தை முடிவு செய்வதும் கூகுள். பணம் போட வேண்டிய கல்லாப்பெட்டியும் கூகுளுடையது. இந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட ஸ்மார்ட்போன்கள் ஆண்ட்ராய்டு என்பதால், பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகலாம் என்றால் அப்படி ஒன்று அநேகமாகக் கிடையாது.

இந்தச் சந்தைக்கு ஊராட்சி எது? இந்தியாவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கின் சாரம் இந்த ஒரே கேள்விதான்.

தேனுக்கு இல்லை, தேன் பாடத்துக்கு உண்டு

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். அமிர்திப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஆப் ஒன்றைத் தயாரித்து மலைத்தேன் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாய்க்குத் தேன் விற்றால், அதில் கூகுளுக்கு ஒரு பைசாகூடப் போகாது. கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளுக்கும், ஆட்டோ, பஸ் போன்ற சேவைகளுக்கும் பிளே ஸ்டோரில் கமிஷன் இல்லை.

அவரே தேனீ வளர்ப்பதை வீடியோ பாடமாக எடுத்து, அதே ஆப்பில் 1,000 ரூபாய்க்கு விற்றால் கதை வேறு. அது 'டிஜிட்டல் பொருள்'. வழக்கு கிளம்பிய காலத்து விதிப்படி அதற்கு 15 முதல் 30 சதவிகிதம் வரை கட்டணம். சின்ன நிறுவனங்களுக்கும் மாதச் சந்தாக்களுக்கும் 15. பெரிய வருமானம் உள்ளவர்களின் மற்ற விற்பனைக்கு 30. அதாவது 150 ரூபாயிலிருந்து 300 ரூபாய் வரை சந்தைக்காரருக்கு.

ஆன்லைன் வகுப்பு, ஆடியோ கதை, விளையாட்டில் வாங்கும் வைரம், வரன் தேடும் ஆப்பில் கட்டும் தொகை எல்லாமே இந்தப் பட்டியலில் வருகின்றன. யுபிஐ மூலம் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பினால் 2020-லிருந்து வியாபாரிக்குக் கட்டணமே இல்லாத நாட்டில் 15 முதல் 30 சதவிகிதம் என்பது கண்ணில் படாமல் இருக்குமா?

ஒரே நாளில் காணாமல் போன ஆப்கள்

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி, 99ஏக்கர்ஸ், குக்கூ எஃப்.எம். எனத் தெரிந்த பெயர்கள் பிளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. பத்து இந்திய நிறுவனங்கள் தன் சேவைக் கட்டணத்தைச் செலுத்தவில்லை என்று கூகுள் சொன்னது.

அவற்றில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் நிறுவனமும் ஒன்று. அதன் ஆப்களில் 'ஜோடி'யும் நீக்கப்பட்டது. பட்டப்படிப்பு இல்லாத, சாதாரண வேலை பார்க்கும் இளைஞர்களுக்காக உள்ளூர் மொழிகளில் நடத்தப்படும் வரன் தேடும் ஆப் அது. இந்திய இணையத்துக்கு இது இருண்ட நாள் என்று அந்த நிறுவனத்தின் நிறுவனர் முருகவேல் ஜானகிராமன் வருந்தினார்.

மறுநாளே மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், இப்படி நீக்குவதை அனுமதிக்க முடியாது என்றார். பேச்சுவார்த்தை நடந்தது. மார்ச் 5-ல், நீக்கிய ஆப்களைத் திரும்பச் சேர்க்கக் கூகுள் ஒப்புக்கொண்டதாக அமைச்சர் அறிவித்தார். ஆனால் கூகுள் தன் கட்டணத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பில் அனுப்புவோம், கட்டுவதற்கு அவகாசம் மட்டும் தருகிறோம் என்றது.

ஆப்கள் திரும்பி வந்தது அமைச்சர் தலையிட்டதால். தீர்ப்பு வந்ததால் அல்ல.

தீர்ப்புக்கு எத்தனை வருஷம்?

நியாயமான போட்டியைக் காக்க நம் நாட்டில் இருக்கும் அமைப்பு, இந்தியப் போட்டி ஆணையம். டிஜிட்டல் சந்தைக்கான ஊராட்சி அலுவலகம் என்று அதைச் சொல்லலாம்.

2022 அக்டோபர் 25 அன்று அந்த ஆணையம் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுள் கல்லாப்பெட்டி வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும் என்று ஆப் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, 'எங்கள் வெப்சைட்டில் விலை குறைவு' என்று வாடிக்கையாளரிடம் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்றெல்லாம் உத்தரவிட்டது. கூகுளின் சொந்த யூடியூபுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாமல் இருந்ததையும் பாரபட்சம் என்று சுட்டிக்காட்டியது.

அதன் பிறகு, வேறு வழியில் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று கூகுள் இறங்கி வந்தது. ஆனால் அப்படி வாங்கினால் கமிஷனில் குறைவது நான்கு சதவிகிதப் புள்ளிகள் மட்டும். 15 என்பது 11 ஆகும், 30 என்பது 26 ஆகும். கார்டில் பணம் வாங்கித் தரும் வேறொரு நிறுவனத்துக்கும் தனியாகக் கட்டணம் கொடுத்தால், மிச்சமாவது சொற்பம். சந்தை வாசலைத் திறந்துவிட்டு, வெளியே போகிறவரிடமும் சுங்கம் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது என்று நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறின.

2023 ஆகஸ்ட்டில் தனி நீதிபதி வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். இது போட்டி ஆணையம் விசாரிக்க வேண்டிய விஷயம் என்பது முடிவு. 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. மூன்று வாரம் கழித்து ஆப்கள் மறைந்தன.

போட்டி ஆணையத்தின் அபராதமும் அப்படியே நிற்கவில்லை. 2025 மார்ச் 28 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், ஆணையத்தின் முடிவை ஓரளவு ஏற்றுக்கொண்டு, தொகையை 216.69 கோடியாகக் குறைத்தது. அதையடுத்து விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

மேட்ரிமோனி நிறுவனத்துக்கு இது புது அனுபவமும் அல்ல. கூகுள் தேடலில் பாரபட்சம் காட்டுகிறது என்று அது 2012-ல் கொடுத்த புகாருக்கு, 135.86 கோடி அபராதம் என்ற உத்தரவு வந்தது 2018 பிப்ரவரியில். நீக்குவதற்கு ஒரு நாள் போதும். நியாயம் கேட்க ஆறு வருஷம்.

உலகம் என்ன செய்கிறது?

இதற்கு முதலில் சட்டம் போட்ட நாடு தென்கொரியா. ஒரே கல்லாப்பெட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆப் ஸ்டோர்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என 2021 ஆகஸ்ட் 31-ல் அதன் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அங்கேயும் கூகுள் குறைத்தது அதே நான்கு புள்ளிகள்தான். சட்டம் கதவைத் திறந்தாலும் கட்டணத்தைத் தொடாவிட்டால் பலன் குறைவு என்பது அங்கே கிடைத்த பாடம்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழி பிடித்தது. தப்பு நடந்த பிறகு வழக்கு நடத்துவதற்குப் பதில், 'இவர்கள் பெரிய சந்தைக்காரர்கள், இவையெல்லாம் செய்யக் கூடாது' என்று முன்கூட்டியே பட்டியல் போட்டது. 2024 மார்ச் 7 முதல் அந்த விதிகளைப் பெரிய நிறுவனங்கள் கடைப்பிடித்தாக வேண்டும் என்றது. வெளியே மலிவாகக் கிடைக்கிறது என்று ஆப் நிறுவனங்கள் சொல்வதைத் தடுத்ததற்காக, 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதமும் விதித்தது.

இந்தியாவிலும் இதே பாணியில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. அது சட்டமாகாமல் இழுத்துக்கொண்டே போனது. பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல, வளர்ந்துவரும் இந்திய நிறுவனங்கள் சிலவும், தங்களையும் இந்த வலை பிடிக்குமோ என்று தயங்கின.

கூகுள் பக்கமும் கேட்க வேண்டும்

ஆண்ட்ராய்டை இலவசமாகக் கொடுக்கிறோம், ஆப்களை வைரஸ் சோதனை செய்கிறோம், உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம், இதற்குச் செலவு இல்லையா என்று கேட்கிறது கூகுள். இந்தியாவில் கட்டணம் செலுத்த வேண்டியவர்கள் ஆப் தயாரிப்பாளர்களில் மூன்று சதவிகிதம்தான் என்றும் சொல்கிறது.

இதில் நியாயம் இருக்கிறது. போலி லோன் ஆப்பில் சிக்கிச் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்த ஊரில், காவல் இல்லாத சந்தை வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுங்கமே கூடாது என்பதல்ல வழக்கு. அந்தச் சுங்கம் நியாயமா என்று கேட்க, சந்தைக்காரரைத் தவிர இன்னொருவர் இருக்க வேண்டும் என்பதுதான்.

வீட்டில் உடனே செய்யக்கூடியவை

கோர்ட் முடிவு வரும்போது வரட்டும். அதுவரை:

• எந்தச் சந்தா கட்டும் முன்பும், அதே நிறுவனத்தின் வெப்சைட்டில் விலை பாருங்கள். சிலவற்றில் அங்கே குறைவாக இருக்கும்.

• ஆப்பை போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்.

• தானாகப் பணம் பிடிக்கும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

• குழந்தைகள் விளையாடும் போனில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். தவறுதலாக வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

• பிரச்னை தீராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அமிர்தியிலிருந்து இறங்கி வரும் வியாபாரி, சந்தைச் சுங்கத்தில் சந்தேகம் வந்தால் போர்டைப் பார்ப்பார். போர்டே சரியில்லை என்று தோன்றினால் ஊராட்சிக்குப் போவார். போனுக்குள் இருக்கும் சந்தைக்கும் போர்டு இருக்கிறது. அதை எழுதுகிறவரும் சுங்கம் வசூலிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கலாமா என்பதற்குத்தான் பதில் வர வேண்டும். நாளைக்கே தேனீப் பாடம் எடுக்க நினைக்கும் மலைக்கார இளைஞரின் 1,000 ரூபாயில் எவ்வளவு அவர் கைக்கு வரும் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.