ஒரு மணி நேரத்துக்கு ஓர் உயர்ந்த ஆசனம்

வெளியூரில் வந்து குடியேறிய நம்மவர்களுக்குச் சொந்த ஊர்ப் பிரயாணம் ஒரு திருவிழா போன்றது. புளிச்சாதமும் தண்ணீர்க் கூஜாவுமாகச் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறி, விடியும்போது தமிழ் எழுத்துப் பலகைகளைக் கண்டு மகிழ்ந்தவர்கள் நம் சங்கத்தில் அநேகர். இப்பொழுது அந்தப் பெரியவர்களுக்கு வயதாகிவிட்டது. மாரேட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் பல வீடுகளில் அவர்களைப் பிள்ளைகள் ஆகாய விமானத்தில் அனுப்பிவைக்கிறார்கள். அப்படி அனுப்பும்போது, "முன்பக்கத்துப் பிஸினஸ் வகுப்பில் எடுத்தால் அம்மாவுக்குச் சௌகரியமாக இருக்குமே, கூடுதல் பணம் கொடுக்கலாமா?" என்ற கேள்வி எழுகிறது. இக்கேள்விக்கு எங்கள் கைப்பணத்தைச் செலவிட்டு ஒரு விடை கண்டோம். அதை அன்பர்களுக்குச் சொல்லிவைப்பது நலம்.

நாங்கள் இரயில்வே குமாஸ்தாக் குடும்பம். பாஸ் இருக்கையில் டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனால் தாயாருக்கு வயது 74. இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறது. அவருடைய ஒரே தமையனார் தாம்பரத்தில் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று செய்தி வந்தது. "அண்ணனை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்" என்றார் தாயார். கீழ்ப்படுக்கை கிடைத்தாலும், வண்டியின் உயரமான படிகளில் ஏறி, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து, ஆடும் பெட்டியில் கழிப்பறைக்கு நடக்க அவரால் ஆகாது. ஆகவே தாயாருக்குப் பிஸினஸ் வகுப்பிலும் எங்களுக்குச் சாதாரண வகுப்பிலுமாகச் சென்னைக்கு டிக்கெட் வாங்கினோம். இருவரும் முன்னால் உட்கார எங்கள் சம்பளம் இடம் தரவில்லை.

அந்த வகுப்பில் கிடைப்பது என்ன? நம் நாட்டின் உள்நாட்டு விமானங்களில், சாதாரண வகுப்பில் நடைவழிக்கு இருபுறமும் மூன்று மூன்று ஆசனங்கள் இருக்கின்றன. பிஸினஸ் வகுப்பில் இரண்டு இரண்டுதான். வரிசைக்கு வரிசை உள்ள தூரம் பின்னால் 28 முதல் 30 அங்குலம். முன்னால் 38 முதல் 40 அங்குலம். அகலம் பதினேழு பதினெட்டு அங்குலத்திலிருந்து இருபத்தோர் அங்குலம்வரை கூடுகிறது. முதுகு சாய்கிறது; படுக்கையாக விரிவதில்லை. அப்படி விரிவது நீண்ட தூர விமானங்களில்தான். வெகுகாலம் ஒரே வகுப்பை வைத்து நடத்திய இண்டிகோ நிறுவனமும் 2024 நவம்பரில் டில்லி-பம்பாய் மார்க்கத்தில் 12 உயர் ஆசனங்களைப் புகுத்தியதிலிருந்து, இவற்றுக்கு இருக்கும் கிராக்கி விளங்கும். ஐரோப்பாவில் குறுந்தூர விமானங்கள் பலவற்றில் இன்னும் சாமர்த்தியமான ஏற்பாடு ஒன்று உண்டு. அங்கே ஆசனம் மாறுவதேயில்லை. மூன்றில் நடு ஆசனத்தைக் காலியாக விட்டுவிட்டு, முன்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டுப் பிஸினஸ் வகுப்பு என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

நம் ஹைதராபாதுக்கும் இந்த விஷயத்தில் ஒரு பழைய பெருமை உண்டு. நிஜாம் காலத்தில் பேகம்பேட்டையை இருப்பிடமாகக் கொண்டு டெக்கான் ஏர்வேஸ் என்ற கம்பெனி டக்கோட்டா விமானங்களை ஓட்டியது. 1953-இல் அது மற்ற ஏழு கம்பெனிகளுடன் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸாயிற்று. டக்கோட்டாவில் ஏறத்தாழ இருபது பேர் அமர்ந்து போவார்கள். பேகம்பேட்டை இருந்தவரை செகந்திராபாத்வாசிகளுக்கு விமான நிலையம் அடுத்த தெரு மாதிரி. 2008 மார்ச்சில் ஷம்சாபாதுக்கு மாறிய பிறகு, பறக்கும் நேரத்தைவிடக் காரில் போகும் நேரமும் காத்திருக்கும் நேரமும் அதிகமாகிவிட்டன.

அந்தப் பறக்கும் நேரத்தைத்தான் அன்பர்கள் கவனிக்க வேண்டும். சென்னைக்கு அட்டவணையில் ஒன்றேகால் மணி என்று போட்டிருந்தாலும், ஆகாயத்தில் இருப்பது ஏறத்தாழ ஒரு மணிதான். புறப்படும்போதும் இறங்கும்போதும் முதுகை நிமிர்த்தி, பலகையை மடக்கி, பெல்ட்டைக் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். மேலே ஏறி முடித்து விளக்கு அணைவதற்குக் கால் மணி. இறங்குவதற்கு ஆயத்தமாகச் சொல்வது இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்போது. ஆக, சாய்வு ஆசனம் சாய்வதற்கு உதவுவது அரை மணிக்கும் குறைவே. அந்த அரை மணியில்தான் சிற்றுண்டியும் வருகிறது. சாய்ந்தால் சாப்பிட முடியாது. சாப்பிட்டால் சாய முடியாது. கணக்குப் பார்த்தே பழகிய எங்களுக்கு, நிமிஷத்துக்கு இத்தனை ரூபாய் என்று மனத்தில் ஓடியதைச் சொல்லாமல் விடுவது பொய்யாகும்.

ஆனால் கஷ்டம் பணத்தில் வரவில்லை. எங்கள் ஆசனம் ஒன்பது வரிசைகளுக்குப் பின்னால். இடையில் திரை போட்டுவிட்டார்கள். நாங்கள் எழுந்து போய்ப் பார்க்க முயன்றபோது, பணிப்பெண் மரியாதையாகவே, ஆனால் உறுதியாக, "உங்கள் இடத்தில் உட்காருங்கள்" என்றார். அவர் கடமை அது, குற்றம் சொல்வதற்கில்லை. தாயாருக்கோ தமிழும் கொஞ்சம் தெலுங்கும் தவிர வேறு பாஷை வராது. உணவுப் பலகை கைப்பிடிக்குள் மடிந்து கிடப்பது அவருக்குத் தெரியவில்லை. தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம். எழ வேண்டி வந்துவிடுமோ என்ற பயத்தில், கொடுத்த தண்ணீரையும் குடிக்கவில்லை. முகம் துடைக்கச் சுருட்டிக் கொடுத்த வெந்நீர்த் துண்டு ஒன்றுதான் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதை முழங்காலில் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டாராம். இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, இவ்வளவு நேரம் நீ எங்கே இருந்தாய்?"

திரும்பும்போது இருவரும் சாதாரண வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். இங்கே நாங்கள் கற்றுக்கொண்டவை சில உண்டு. முதல் வரிசையில் கால் நீட்ட இடம் அதிகம் என்று தனிக் கட்டணம் கேட்பார்கள். இடம் உண்மைதான். ஆனால் அங்கே பலகை கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது. முழங்கால் மடங்காதவர்கள் பக்கவாட்டில் நகர்ந்து உட்காரத் தூக்கும் கைப்பிடி அவசியம். அவசரக் கதவு வரிசை விசாலமானதுதான். முதியவர்களை அங்கே அமர்த்த மாட்டார்கள். ஆகவே முன்பகுதியில் இரண்டாவது, மூன்றாவது வரிசைகளில் நடைவழி ஆசனமே மேல். நடைவழி ஆசனத்தில் பல விமானங்களில் கைப்பிடியின் அடியில் மறைவாக ஒரு சிறு விசை உண்டு. அதை அழுத்தினால்தான் தூக்க வரும். பணிப்பெண்ணைக் கேட்டால் செய்து தருவார்.

எந்தப் பக்கத்து ஆசனம் என்பதும் முக்கியம். 'சி' ஆசனத்தில் அமர்ந்தால் நடைவழி நமக்கு வலப்புறம். வலது காலை நீட்டலாம். 'டி' ஆசனத்தில் நடைவழி இடப்புறம். இடது காலுக்கு அதுவே ஏற்றது. வண்டி வரும்போது மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். தாயாரை 'டி'யிலும் எங்களை 'ஈ'யிலுமாக அமர்த்திக்கொண்டோம். இதற்கான கட்டணம் பிஸினஸ் வகுப்புக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பகுதிதான். சக்கர நாற்காலி, வகுப்புப் பாராமல் தேவைப்படும் எல்லோருக்கும் தருகிறார்கள். டிக்கெட் வாங்கும்போதே, குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். நாற்காலியோடு போகிறவர்களை முதலில் ஏற்றுவதால், பிஸினஸ் வகுப்பின் பெரிய சலுகைகளில் ஒன்று இலவசமாகவே கிடைத்துவிடுகிறது.

முன் கழிப்பறை அருகில் இருப்பது அந்த வகுப்பின் மெய்யான லாபம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். உடல் பருத்தவர்களுக்கும் இடுப்பு வலிக்காரர்களுக்கும் அந்த நாலங்குல அகலம் தேவைப்படலாம். டில்லிக்கு இரண்டேகால் மணிப் பிரயாணமென்றால் கணக்கு வேறு. இன்னும் நீண்ட பகல் பிரயாணத்தில் ஆசனத்தின் அருமை நன்றாகத் தெரியும். 2023 ஏப்ரலில் தொடங்கிய செகந்திராபாத்-திருப்பதி வந்தே பாரத் வண்டியின் எக்ஸிகியூடிவ் பெட்டியில் இரண்டு இரண்டு ஆசனங்கள். வண்டி போகும் திசைக்கு அவற்றைத் திருப்பிக்கொள்ளவும் ஆகும். எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போகும் அந்த வண்டியில் கூடுதல் பணம் கொடுப்பவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். இரயில்வேக்காரர்கள் ஆகையால் இரயிலைத் தூக்கிப் பேசுகிறோம் என்று நினைத்தாலும் பாதகமில்லை.

தாம்பரத்தில் மாமா தாயாரை அடையாளம் கண்டுகொண்டார்; இருவரும் பழைய வீட்டுக் கிணற்றைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் அவர் காலமானார். திரும்புகாலில் மிச்சப்பட்ட தொகை கையில் இருந்தபடியால், காரியத்துக்குத் தாயாரை மறுபடியும் அழைத்துப் போக முடிந்தது. அப்பொழுதும் 'டி' ஆசனம்தான். இந்த முறை தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.