பரணும் விதைநெல்லும்

சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. ஐடிஐ முடித்த பையன்கள் காலை ஏழரைக்கே வந்து நிற்பார்கள். ஒருவனுக்கு ஒரகடத்தில் நேர்காணல், இன்னொருவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில். பயோடேட்டா இரண்டு காப்பி, ஆதார் நகல் ஒன்று. கடை நடத்தும் பெண்மணி முன்பு ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் நின்றவர்.

"சார், பையன் ஏதோ பட்டனை அமுக்கிட்டான். ராத்திரியோட ராத்திரியா விண்டோஸ் மாறிடுச்சு. பிரிண்டர் வேலை செய்யல. எனக்குப் பழையதே வேணும். வாங்கும்போது சி.டி. எதுவும் குடுக்கல."

"எத்தனை நாளாச்சும்மா?"

"ஆறு நாள் இருக்கும்."

"அப்போ இன்னும் நாலு நாள் இருக்கு. பயப்படாதீங்க."

அவர் என்னை ஜோசியக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பத்து நாள் கணக்கு இதுதான். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறும்போது புதியது பழையதை அழித்துவிட்டு உட்காருவதில்லை. விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ் என்று இருந்தவற்றின் பழைய அமைப்பை 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறைக்குள் தள்ளி வைக்கிறது. புது மருமகள் வந்ததும் பழைய பாத்திரங்கள் பரணுக்குப் போவதில்லையா, அப்படி. பரணில் ஏற்றவும் பெரிய உழைப்பில்லை. ஒரே வட்டுப் பகுதிக்குள் ஒரு கோப்புறையை இடம் மாற்றினால் உள்ளே உள்ள தரவு நகர்வதே இல்லை. எது எந்தப் பெயரில் இருக்கிறது என்ற பட்டியலில் ஒரு வரி மட்டும் மாறும். பட்டா பெயர் மாற்றம் மாதிரி. நிலம் அங்கேயேதான் கிடக்கிறது. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஆனால் பரண் இடத்தை அடைக்கும். பல ஜிபி போய்விடும். அதனால்தான் கெடு. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது திரும்பிப் போக 30 நாள் தந்தார்கள். திரும்ப நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதல் சில நாள்களிலேயே திரும்பிவிடுகிறார்கள் என்று சொல்லி, 2016 ஆகஸ்டில் வந்த புதுப்பிப்பில் மைக்ரோசாப்ட் அதைப் பத்து நாளாகக் குறைத்தது. பத்து நாளுக்குள் விழித்துக்கொண்டால் டிஸ்ம் என்ற கட்டளையால் 60 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். கெடு தாண்டினால் கணினி தானே பரணைக் காலி செய்துவிடும். 'இடம் போதவில்லை' என்று டிஸ்க் கிளீனப்பை ஓட்டி, கெடுவுக்கு முன்பே தங்கள் கையாலேயே அதை அழித்துவிடுகிறவர்களும் உண்டு.

வழி சுலபம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி. அங்கே 'கோ பேக்'. பக்கத்திலேயே 'ரீசெட்' என்று இன்னொரு பட்டன் இருக்கிறது. அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரீசெட் என்றால் பழையது வரும் என்று நினைத்து அமுக்குவார்கள். விண்டோஸ் 11-ஐயே துடைத்துச் சுத்தமாக மறுபடி நிறுத்திவிட்டுப் போகும். பரணும் கையை விட்டுப் போயிருக்கும்.

"நாங்க செல்போனுக்கு சாப்ட்வேர் ஏத்துவோமே, அந்த மாதிரியா சார்?" என்று கேட்டார். இல்லை, அது வேறு. ஆனால் சி.டி. எங்கே போனது என்பதற்கான பதில் அவர் கேள்வியில்தான் இருக்கிறது: கணினிக்கும் தொழிற்சாலையிலேயே மென்பொருளை ஏற்றிவிடுகிறார்கள்.

டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் தன் கணினித் தொழிற்சாலையைத் திறந்தது 2007-இல். அதே ஆண்டு ஜனவரியில்தான் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்திருந்தது. புதிய கணினியை வாங்கிய கையோடு 'எக்ஸ்பி-யே போதும்' என்று ஜனம் கெஞ்சிய காலம் அது. அந்தச் சமயத்தில் கணினிக் கம்பெனிகள் நிறுவல் வட்டு தருவதைக் குறைத்துக்கொண்டு வந்தன. வட்டில் இருந்ததை வன்தட்டிலேயே ஓரமாக ஒரு துண்டு வெட்டி, கண்ணில் படாமல் ஒளித்து வைத்தன. ரெக்கவரி பார்ட்டிஷன் என்பது இதுதான்.

விவசாயக் குடும்பத்தில் இதற்குப் பெயர் விதைநெல். குதிரின் அடியில் தனியாக இருக்கும், பசித்தாலும் தொடமாட்டார்கள். பயிர் மொத்தமும் போனாலும் அதை வைத்து மறுபடி விதைக்கலாம். ஆனால் போன அறுவடை திரும்ப வராது. ரெக்கவரி பார்ட்டிஷனும் அப்படியே: தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய நாளில் இருந்த நிலைக்குக் கணினியைக் கொண்டுபோகும், உங்கள் கல்யாண போட்டோவைத் திருப்பித் தராது. கம்பெனி எந்த ரகத்தை விதைத்ததோ அதுதான் முளைக்கும். விண்டோஸ் 7-உடன் வந்த கணினியில் 7 மட்டுமே.

எக்ஸ்பி காலத்து டெல் கணினிகள் பலவற்றில் துவங்கும்போது கண்ட்ரோலும் எஃப்11-உம் சேர்த்து அமுக்கினால் இந்தக் குதிர் திறக்கும். ஹெச்பி-யில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-உம், தோஷிபாவில் பூஜ்ய விசை. டெல்லில் பின்னணியில் ஓடியது சைமன்டெக்கின் கோஸ்ட் தொழில்நுட்பம். நியூசிலாந்துக்காரர் மரே ஹசார்ட் எழுதிய மென்பொருள் அது. 1998-இல் சைமன்டெக் வாங்கிக்கொண்டது. ரிச்சி தெருவில் 'கோஸ்ட் போட்டுத் தரேன்' என்றால் பேயோட்டுவது என்று எந்த வாடிக்கையாளரும் நினைத்ததில்லை. ஒழுங்காக ஓடும் ஒரு கணினியின் வட்டை அப்படியே படியெடுத்து, இன்னொன்றில் கொட்டுவது.

விஸ்டாவுடன் மைக்ரோசாப்ட் விம் என்ற சொந்தப் படிமக் கோப்பைக் கொண்டுவந்தது. இதில் எனக்குப் பிடித்த சாமர்த்தியம் ஒன்று உண்டு: ஒரே கோப்பு பத்து இடத்தில் இருந்தாலும் உள்ளே ஒரு தடவைதான் சேமிக்கப்படும். ஹோம், பிசினஸ், அல்டிமேட் எல்லாம் ஒரே வட்டில் அடங்கியது அப்படித்தான்.

சரி, விதை இருக்கிறது, உரிமம்? விண்டோஸ் 7 வரை அது கணினியின் அடிவயிற்றில் ஒட்டிய ஸ்டிக்கர். 25 எழுத்துகள், வியர்வைக் கை பட்டே பாதி அழிந்திருக்கும். விண்டோஸ் 8 வந்த 2012 முதல், தொழிற்சாலை லைனிலேயே அந்தச் சாவி எண் மதர்போர்டின் சிப்புக்குள் எழுதப்படுகிறது. அதே பதிப்பை மறுபடி நிறுவும்போது விண்டோஸ் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஆகவே வட்டு இல்லை, ஸ்டிக்கர் இல்லை என்று புலம்ப வேண்டியதில்லை. வன்தட்டே செத்துப்போனாலும் சாவி பிழைத்திருக்கும். மதர்போர்டு செத்தால்தான் வம்பு.

விண்டோஸ் 10 வந்த பிறகு விதைநெல்லின் மவுசும் குறைந்தது. தன்னிடம் உள்ள கோப்புகளிலிருந்தே தன்னை மறுபடி கட்டிக்கொள்ள அது கற்றுக்கொண்டது. 2020 மே மாதப் பதிப்பிலிருந்து இணையத்திலிருந்தே முழுவதையும் இறக்கிக்கொள்ளும் வழியும் வந்துவிட்டது. சுமார் 4 ஜிபி. இப்போது மறைவாக இருக்கும் பார்ட்டிஷன் பெரும்பாலும் சில நூறு எம்பி அளவுள்ள பழுதுபார்க்கும் கருவிப் பெட்டிதான். விதைநெல் என்ற இரண்டாவது வழி இதனால் பல புதிய கணினிகளில் அடைபட்டது. கெடு தாண்டியவர்கள் மைக்ரோசாப்டின் தளத்திலிருந்து எட்டு ஜிபி பென் டிரைவில் இறக்கி, புதிதாக நிறுவத்தான் வேண்டும்.

ஆக, கடைக்காரம்மாவுக்குப் பரண் ஒன்றுதான் கதி. முதல் வேலையாக அவருடைய கோப்புகளையெல்லாம் பென் டிரைவில் ஏற்றினேன். கோ பேக் கோப்புகளைத் தொடாது என்றுதான் சொல்கிறார்கள். நான் நம்பினாலும் பென் டிரைவ் இல்லாமல் நம்புவதில்லை. அடுத்தது பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தால் அந்த 48 இலக்க எண்ணை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், நடுவழியில் கேட்கக்கூடும். மாறியபின் போட்ட மென்பொருள்கள் போய்விடும் என்றும் சொன்னேன். அவர் போட்டிருந்தது ஒன்றுதான், பிரிண்டரைச் சரிசெய்யும் என்று யாரோ சொன்ன ஏதோ ஒரு டிரைவர். போகட்டும் என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. அதற்குப் பிறகும் 10-இலேயே இருந்து, ஊரார் பென் டிரைவையெல்லாம் அதில் செருகுவது நல்லதில்லை. பிரிண்டரை மாற்றுவதுதான் சரி.

"அது எட்டாயிரம் சார்."

"தெரியும்மா."

கோ பேக்கை அமுக்கியதும் 'ஏன் திரும்பிப் போகிறீர்கள்' என்று கணினி கேட்டது. 'சாதனங்கள் வேலை செய்யவில்லை' என்பதை அவரே தேர்ந்தெடுத்தார். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று யுபிஎஸ்-ஐப் பார்த்தபடி அரை மணிக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். பழைய முகப்புப் படம் வந்தது. பேரன் மொட்டை போட்ட நாளின் போட்டோ. பிரிண்டர் ஒரு தடவை கனைத்துவிட்டுத் தாளை இழுத்தது. வாசலில் காத்திருந்த பையன் பயோடேட்டா இரண்டு காப்பியையும் சூடாகவே வாங்கிக் கவருக்குள் செருகிக்கொண்டு, ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினான்.